ட்ராலிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

பழனி முருகன்மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் அடுத்த முறுக்கிலேயே உடைந்துபோகட்டும்.

மகள் கயலைப் பார்க்க நானும் என் மனைவி நாகமணியும் அமெரிக்காவில் மில்பிடாஸ் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கயல் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்க, பதினோரு மாதப் பேத்தி வான்மதியை ட்ராலியில் உட்காரவைத்து, பட்டையும் மாட்டி, நாங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனோம். மேலே போகச் சரிவாக ஒரு நகரும் பாதை. எல்லார் ட்ராலியும் அதில் நின்றபடியே ஏறிக்கொண்டிருந்தது.

"இது சறுக்கிக் கீழ வந்துராதா தம்பி?" என்று அங்கே வேலைபார்த்த ஜெஃப்ரினைக் கேட்டேன். நாகர்கோவில்காரர்.

"வராது அங்கிள். வீல்ல வரி வரியா பள்ளம் இருக்குல்ல, அது பெல்ட்டோட பள்ளத்துல போய் லாக் ஆயிடும். ப்ரேக் கட்டையும் பெல்ட்டுல உக்காந்துரும். மேல போனதும் சீப்பு மாதிரி ஒரு தகடு வீலைத் தூக்கி ரிலீஸ் பண்ணிடும். நீங்க பிடிக்கவே வேணாம்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாகமணிக்கு அது போதவில்லை. "கொழந்த மொதவாட்டி இதுல ஏறுதுங்க. சும்மா ஏத்தறதா?" என்று கைப்பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தாள். புதுக்காருக்கு வைப்பதுபோலச் சக்கரத்துக்கு ஒன்று வைத்தாள். நான் தள்ளினேன். நான்கும் நசுங்கின.

"ஐயோ அங்கிள், வேணாம்!" என்று ஜெஃப்ரின் ஓடிவருவதற்குள் பெல்ட் எங்களை ஏற்றிக்கொண்டது.

பாதி ஏறியிருப்போம். ட்ராலி பின்னால் நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். முன்னால் போன ட்ராலிகளின் சக்கரங்களை, பெல்ட்டின் இடுக்கிலிருந்து சாம்பல் நிற விரல்கள் பிடித்திருந்தன. சக்கரத்துக்கு ஐந்து. எங்கள் சக்கரத்தைத் தொட்டவை மட்டும் எலுமிச்சைச் சாறு பட்டுச் சுருண்டு உள்ளே போயின.

"அங்கிள், நீங்களே பிடிங்க! அவங்க இனிமே பிடிக்க மாட்டாங்க!" ஜெஃப்ரின் கீழேயிருந்து கத்தினார்.

ட்ராலி என் வயிற்றில் முட்டித் தள்ளியது. செருப்பு வழுக்கியது. குழந்தையைத் தூக்கிவிடலாமென்று நாகமணி பட்டையின் பக்கிளை இழுத்தாள், திருகினாள், கடித்தும் பார்த்தாள். திறக்கவில்லை.

"பெராக்குப் பாக்காம கெட்டியாப் புடிங்க!" என்று என்னை வைதுவிட்டு மண்டியிட்டாள். பெல்ட்டின் இடுக்கில் வாயை வைத்தாள்.

"தெரியாமச் செஞ்சுபோட்டமுங்க. நீங்கதான் புடிக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா பழமே வெச்சிருக்க மாட்டமுங்க. கொழந்தைய உட்றாதீங்க."

பெல்ட்டின் இரைச்சல் ஒரு மூச்சு நேரம் அடங்கியது. அப்புறம் என் கணுக்கால்களில் ஜில்லென்று ஏதோ சுற்றிக்கொண்டது. இடதில் ஐந்து, வலதில் ஐந்து. நான் நின்றேன். என்மேல் சாய்ந்தபடி ட்ராலியும் நின்றது.

உச்சியில், தகட்டருகே, ஒவ்வொரு விரலாக விட்டது. கடைசிச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தயங்கியது. வான்மதி எட்டிப் பார்த்து அதற்கு டாட்டா காட்டினாள்.

அன்றிரவு இதைச் சொன்னபோதுதான் கயல் சொன்னாள், அந்தக் கடைக்கு மாடியே கிடையாது.