பதினாலு கவர்

மூன்று நாளில் ஒரு மனிதன் மாறிவிட முடியுமா என்று கேட்பவர்கள் கார்த்திகேசுவைப் பார்த்ததில்லை. ஜெலாப்பாங்கில் பிஸ்கட் டின் செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாக ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி. 1984 மார்ச்சில் கம்பெனி அவரை ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்த ‘வெற்றி உன் கையில்’ வகுப்புக்கு அனுப்பியது. போகும்போது இடது பக்கம் இருந்த வகிடு திரும்பி வரும்போது வலது பக்கம் இருந்தது. கழுத்தில் டை ஏறியிருந்தது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பாடங்களையெல்லாம் அவரே தமிழில் எழுதி வைத்திருந்தார்.

வகுப்பு நடத்தியவர் ஸ்டானிஸ்லாஸ் என்கிற தைப்பிங்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் கோட்டைக் கழற்றாதவர். தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து ‘நான் வெற்றியாளன்’ என்று ஐந்து முறை சொல்ல வேண்டும் என்றார். வீட்டில் கண்ணாடி இருந்தது குளியலறையில். குளியலறை இருந்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது வெற்றியிலேயே மனைவி வீரம்மா கதவைத் தட்டிவிடுவாள்.

“வெற்றியாளரே, வெளிய வாங்க. புள்ளைக்கு பஸ்ஸு போயிரும்லா.”

அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அவரை முழுசாக விழுங்கியவை வேறு இரண்டு பாடங்கள். ‘தபால்தலை செய்யும் வேலைக்கு உன் கால்களை அனுப்பாதே’ என்பது ஒன்று. ‘உன் கடிதம் உனக்கு முன்னால் நடந்துபோகும் உன் முகம்’ என்பது இன்னொன்று. மகள் லோகேஸ்வரிக்கு மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. பாடத்தைச் சோதித்துப் பார்க்கச் சொந்த மகள் கல்யாணமா கிடைத்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுப் பல வருடமாகிவிட்டது. கார்த்திகேசு பிறந்த லயத்தின் வரிசை வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. வீரம்மாவின் அண்ணன் மாயாண்டியையும் சேர்த்துப் பதிமூன்று வீட்டுச் சொந்தங்கள் இன்னும் அங்கேயே குடியிருந்தார்கள். மாயாண்டி செம்பனைக் குலை வெட்டுகிறவர், லயத்து முனியாண்டி கோயிலுக்கும் அவர்தான் தலைவர். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறை ஏறுவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. அந்தத் தாய்மாமனை வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். கூப்பிடாத வீட்டுக்கு அவர்கள் யாரும் போக மாட்டார்கள், அது தங்கை வீடாக இருந்தாலும்.

“எங்க அண்ணனுக்குப் போஸ்ட்டுலயா?” என்றாள் வீரம்மா.

“மொதல்ல போஸ்ட்டு போவட்டும். அப்பறம் நேர்ல போயிக்கலாம்லா. டைம் மேனேஜ்மெண்டுன்னு ஒண்ணு இருக்கு.”

“பொறந்த லயத்துக்குப் போறதுக்கு என்னா மேனேஜ்மெண்டு?”

நோட்டுப் புத்தகத்தில் அதற்குப் பாடம் தேடிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். கம்பெனி டைப்பிஸ்ட் ஹில்டாவிடம் சொல்லி, பழுப்பு நிற நீளக் கவர்களில் பதிமூன்று விலாசமும் ஆங்கிலத்தில் அடித்து வாங்கினார். கவரின் மூலையில் கம்பெனி பெயர், அதை அடுத்துக் கொட்டை எழுத்தில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’, மலாயில் பிரைவேட் லிமிடெட். உள்ளே கல்யாணப் பத்திரிகையோடு, வருகையை ஏழு நாளில் உறுதி செய்யும்படி ஓர் ஆங்கிலக் கடிதம். கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது தபாலில் போட்டுவிட்டு, வெற்றி பெற்றவராக வீடு திரும்பினார்.

ஏழு நாள் போனது. பதினாலு நாளும் போனது. ஒருவரும் உறுதி செய்யவில்லை. ‘பதில் வராதது உன் தோல்வி அல்ல, எதிராளியின் தாமதம்’ என்று நோட்டுப் புத்தகம் ஆறுதல் சொன்னது. நேரில் போகிற வேலை மட்டும் இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை வீரம்மா சோற்றுத் தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

“எங்க அண்ணன் வரலன்னா நான் மண்டபத்துல கால வைக்க மாட்டேன். ஒங்க ஸ்டானிஸ்லாஸ கூட்டியாந்து மக கழுத்துல மால போடச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, டையைக்கூடக் கழற்றாமல், தன் பழைய டட்சுன் காரை ஆயர் தாவாருக்கு விட்டார். லயத்து வாசலில் இறங்கியதும் ‘புன்னகையோடு நுழை’ என்ற பாடம் நினைவுக்கு வந்தது. புன்னகைத்தார். திறந்திருந்த இரண்டு கதவுகள் மூடிக்கொண்டன. பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். நின்று வரவேற்றது ஒரு நாய்தான், அதுவும் குரைத்தது.

மாயாண்டியின் மனைவி இருளாயிதான் ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தாள்.

“அலாமாக்! நம்ம கார்த்தீசு அண்ணன்லா இது! எல்லாரும் வெளிய வாங்க, ஆபீசு ஆளு இல்ல! ஏண்ணே, டையக் கட்டிக்கிட்டு வந்தா ஆருக்குத் தெரியும்?”

மாயாண்டி வந்து கையைப் பிடித்தார். முகம் ஒட்டிப் போயிருந்தது. நேராக முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமி காலடியில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் கட்டாகப் பழுப்புக் கவர்கள். கட்டின் மேல் ஓர் எலுமிச்சம்பழம். ஒரு கவர்கூடப் பிரிக்கப்படவில்லை.

“தோட்டத்த வித்துட்டாங்க மச்சான். லயத்தக் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு வரும் வரும்னு பயந்துக்கிட்டே இருந்தோம். மூணு வாரத்துக்கு முன்னால ஆபீசு பியூன் இதக் கட்டாக் கொண்டாந்து போட்டுட்டுப் போனான். வாங்குனவன் ஏதோ செண்டிரியான் பெர்ஹாட்டு. கவருலயும் அதே செண்டிரியான் பெர்ஹாட்டு. பிரிச்சாத்தான் வாங்கிக்கிட்டதா அர்த்தமாம், பக்கத்துத் தோட்டத்துல சொன்னாங்க. அதான் பிரிக்காம சாமிகிட்ட வெச்சிட்டோம். ஒருத்தனும் ஒழுங்காச் சோறு திங்கல.”

“கல்யாணம்…” என்று ஆரம்பித்தார் கார்த்திகேசு.

“தெரியும். நீங்க வந்து கூப்புடலயேன்னு மனசுல இருந்திச்சு. வீடு போற கவலையில அதக் கேக்கத் தோணல. நீங்க இங்கிலீசு படிச்சவரு, நம்மாளு. ஒங்க கையால பிரிங்க. எத்தன நாளு குடுத்திருக்கான்னு பாருங்க.”

சுற்றிலும் பதிமூன்று வீட்டுச் சனமும் நின்றது. கார்த்திகேசுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் பெற்ற மகளின் கல்யாணச் சேதி, தன்னை வளர்த்த சனத்தை மூன்று வாரம் பட்டினி போட்டிருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவனை அது குடையட்டும் என்று விடலாம். இவர் விட்டது அடுத்தவர் மடியில். முதல் கவரைக் கிழித்துப் பத்திரிகையை நீட்டினார்.

“நோட்டீசு இல்ல மச்சான். நம்ம லோகா கல்யாணப் பத்திரிக. நாந்தான் போஸ்ட்டுல போட்டேன்.”

பத்திரிகை கை மாறிக் கை மாறிப் போனது. பிறகு இருளாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“பாவி மனுசா! கல்யாணத்துக்குக் கூப்புடச் சொன்னா காலி பண்ணச் சொல்லிட்டீங்களேண்ணே!”

சிரிப்பு லயம் முழுக்கப் பரவியது. சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். யாரோ வெற்றிலை பாக்கைக் கொண்டுவந்து தட்டில் வைக்க, வீட்டுக்கு ஒருவராக முன்னால் வந்தார்கள். கார்த்திகேசு கவரைப் பிரித்து, வெற்றிலையோடு பத்திரிகை கொடுத்து, “குடும்பத்தோட வந்துருங்க” என்று கும்பிட்டார். பதிமூன்று முறை கும்பிட்டார். பதிமூன்றும் முடிந்த பிறகு தட்டில் ஒரு கவர் மிச்சமிருந்தது.

அதே பழுப்பு, அதே நீளம், மூலையில் வேறொரு செண்டிரியான் பெர்ஹாட். ஆள் பெயர் இல்லை. லயத்தில் குடியிருப்போர் என்று மட்டும் அடித்திருந்தது. திரும்பி நின்று பிரித்துப் பார்த்தார். ஆகஸ்டு முப்பதாம் தேதிக்குள் வீடுகளைக் காலி செய்துவிட வேண்டும்.

“அது ஆருக்குண்ணே?” என்றாள் இருளாயி.

“அதுவா… டைப்பிஸ்டு ஒண்ணு கூடப் போட்டுட்டா.”

மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார். அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் கண்ணில் வந்து நின்றது காலியான மண்டபம். அதுவும் உண்மைதான். ‘வெற்றியாளன் தன் இலக்கை மட்டுமே பார்ப்பான்’ என்று நோட்டுப் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் தடவையாக அந்தப் புத்தகத்தைத் தொட அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமையே இரண்டு லோரியில் வந்து இறங்கினார்கள். வெங்காயம் உரித்தார்கள், தோரணம் கட்டினார்கள், மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈப்போ கோயில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. வீரம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு கணவனைப் பார்த்துச் சிரித்தாள். கோட்டோடு வந்திருந்த ஸ்டானிஸ்லாஸ் கூட்டத்தைப் பார்த்து வியந்து, “எப்படி மிஸ்டர் கார்த்திகேசு இத்தனை பேர்?” என்று கேட்டார்.

“கடிதந்தான் சார்.”

“பார்த்தீங்களா!” என்று அவர் தோளில் தட்டினார்.

மாயாண்டி மாலை போட்டார், பெண் மணவறை ஏறினாள், தாலி ஏறியது. அட்சதை விழுந்து முடிந்ததும் மாயாண்டி கார்த்திகேசுவின் கையைப் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகை ஓரம் அழைத்துப் போனார்.

“தாலி ஏறியாச்சு மச்சான். இப்ப அதப் படிங்க.”

“எத?”

“பதிமூணு வீடு, பதினாலு கவரு. மூணு வாரம் தெனமும் வெளக்கு வெச்சு எண்ணிப் பாத்தவன் நானு. ஒங்க டைப்பிஸ்டு மேல ஏன் பழி போடுறீங்க?”

கார்த்திகேசுவின் கை ஜிப்பாப் பைக்குப் போனது. “அன்னிக்கே கேட்டிருக்கலாமே மச்சான்” என்றார்.

“கேட்டிருந்தா ஒரு சனம் லோரியில ஏறியிருக்குமா? எந் தங்கச்சி மக மண்டபம் காலியாக் கெடக்கும். ம், படிங்க. எத்தன நாளு?”

கார்த்திகேசு பையிலிருந்து நோட்டீசை எடுத்தார். வீட்டில் வைத்தால் வீரம்மா கண்ணில் படும் என்று கூடவே வைத்திருந்தார். விரித்துப் படித்தார். “ஆகஸ்டு முப்பது.”

மாயாண்டி விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணியது போதாமல் இன்னொரு தடவையும் எண்ணினார்.

“சரி. நாளைக்குக் காலையில பெரட்டுல எல்லாரும் கூடும்போது நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம். இன்னிக்கு சாப்புடட்டும்.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பாயச வாளியைத் தூக்கினார். பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பதிமூன்று வீட்டு ஆட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போதும் போதும் என்றவர்களுக்கும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே போனார்.