மதியம் இரண்டு மணிக் கணக்கு

எங்கள் மத்ரஸாவில் கால அட்டவணை போடுவது என் வேலை. தலைமை ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வியின் தலைமை ஆசிரியை, என்று பெயர்ப்பலகை சொன்னாலும், என் அதிகாரமெல்லாம் அந்த ஒரு தாளில்தான். யார் எப்போது ஓதுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது, எல்லாம் என் பேனா சொன்னபடி நடக்கும். அந்தத் தாளை வைத்துத்தான் ஒருத்தியின் வேலையையும் இன்னொருத்தியின் படிப்பையும் கெடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்வானேன்.

விடுதியில் தங்கி ஓதும் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் எழுதட்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. ஒரு வருஷம் பார்ப்போம், தேறினால் தொடரலாம் என்றார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரு டீச்சர் வந்தாள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார்கள். பதினாறு வருஷம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் பையை வாங்கிக்கொள்ள ஒருத்தியும் ஓடி வந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் பாடத்தை மதியம் இரண்டு மணிக்குப் போட்டேன். எங்கள் பிள்ளைகள் சுபுஹு தொழுகைக்காக விடியுமுன்னே எழுந்திருப்பவர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்தால்தான் மாலையில் ஓதக் குரல் வரும். அந்தத் தூக்கத்தைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தேன். காலையில் இடம் இல்லையா என்றால், இருந்தது. முந்தின நாள் பாடத்தையே திருப்பி ஓதவைக்கும் என் வகுப்பு அது. விட்டுக்கொடுத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது.

டீச்சர் கரும்பலகையில் கேள்வி எழுதுவாள், பின்வரிசை கொட்டாவியால் பதில் சொல்லும். வராந்தாவில் போகிறபோது எட்டிப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் அக்கா மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். அதற்குப் பத்தாவது தேற வேண்டும். உட்கார்ந்தால் கண் சொக்கும் என்று சுவரோரம் நின்றுகொண்டே கணக்குப் போடுவாள். ஒருநாள் என் அறைக்கு வந்தாள்.

"சின்னம்மா, கணக்கைக் காலைக்கு மாத்தக் கூடாதா? திருப்பி ஓதுறதை நாங்க மதியம் ஓதிடுறோம். சத்தமா ஓதினா தூக்கம் வராதுல்ல."

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "அட்டவணை போட்டது போட்டதுதான். எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா?" என்று விரட்டினேன்.

பத்தொன்பது பேரில் மூன்று பேர் தேறினார்கள். அவளுக்குக் கணக்கில் நாலு மதிப்பெண் குறைந்தது. மறுபடி எழுதலாம். ஆனால் அவளைப் பெற்ற அத்தா, மத்ரஸாவிலேயே சொல்லிக்கொடுத்தால் எழுதட்டும், வெளியே டியூஷனுக்கு அனுப்பமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, வகுப்பு தொடர்ந்தால்தான் அவளுக்கு வழி.

குழு கூடியது. தலைவர் முதலில் டீச்சரைக் கேட்டார். "நான் சொல்லிக்கொடுத்த விதம் சரியில்ல போல இருக்குங்க" என்று அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். பிள்ளைகளின் சார்பில் என் அக்கா மகளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீ சொல்லும்மா. ஏன் தேறல?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "நான்தான் சரியாப் படிக்கலைங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஆலிமாம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஒரு வாக்கியம் போதும். பாடத்தைக் காலைக்கு மாற்றிவிடுகிறேன், இன்னொரு வருஷம் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. மேசைமேல் என் கையெழுத்தோடு அட்டவணை கிடந்தது.

"குழு என்ன முடிவு எடுத்தாலும் சரிதாங்க" என்றேன்.

வகுப்பை நிறுத்தினார்கள். டீச்சர் என்னிடம் ஸலாம் சொல்லி, தப்பு ஏதும் இருந்தால் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனாள். மாடிப்படியில் என் அக்கா மகள் நின்றிருந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரல, சின்னம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."