பூ வைத்துக்கொண்டு அருவிக்கு

சைரன் அலறியது.

பேரருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. விசில் ஊதி, லத்தியை ஆட்டி, போலீஸ் எல்லோரையும் விரட்டியது. துண்டும் சோப்பும் பிள்ளைகளுமாகக் கூட்டம் ஓடி வந்தது.

எல்லோரும் வெளியே ஓட, ஒருவர் மட்டும் பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"செல்வி! ஏட்டி, செல்வி!" பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "முகம் கழுவிட்டு வாரோம்னு ரெண்டு பேரும் போனீக, நீ மட்டும் வந்து நிக்க? புள்ளைய எங்கட்டி?"

ராயகிரி செந்தில்வேல். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் முத்துச்செல்வியின் படிப்புக்காகவே தென்காசியில் வீடு பிடித்தவர். அந்தப் படிப்பு பிளஸ் டூவைத் தாண்டுவதற்குள் அவருக்கு மனசு மாறிவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி வள்ளித்தாய் ஒரு கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

பழக்கடை ஓரம் நின்ற உமாராணி டீச்சர் குடையை மடக்கினார். பெண்ணைக் காணோம் என்று இவர்கள் தேடுவார்கள், ஏசுவார்கள், அந்த ஏச்சை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். நடுவில் சைரன் புகுந்து கெடுக்கும் என்று நினைக்கவில்லை. மகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஒரு தகப்பன் நினைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. நேராகப் போனார்.

"அண்ணாச்சி, பதறாதீங்க. செல்வி அருவியில இல்ல. பத்திரமா இருக்கா."

செந்தில்வேல் கம்பியை விட்டார். உயிர் திரும்பி வந்த முகம். அடுத்த நொடியே அந்த முகம் கறுத்தது.

"எங்கன இருக்கா?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

தென்காசியில் உமாராணி டீச்சரைத் தெரியாத தெரு கிடையாது. பெண்கள் பள்ளியில் தாவரவியல் எடுப்பவர். அதோடு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்பவர். அங்கே எதிரும் புதிருமாக உட்காரவைத்து "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்கும் வழக்கமே இல்லை. வருகிறவர் கையில் ஓர் இலையைக் கொடுப்பார், பழைய பேப்பருக்குள் வைத்து அமுக்கச் சொல்வார். கைக்கு வேலை கிடைத்தால் வாய் தானாகத் திறக்கும். சொன்னது யார் என்பது மட்டும் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. தலைமையாசிரியர் கேட்டாலும் போனதில்லை.

போன வியாழக்கிழமை அங்கே ஒரு பெரணி இலை தூள் தூளானது. அமுக்கச் சொன்னதைக் கை கசக்கிவிட்டது.

சாரல் காலம் வந்துவிட்டால் டீச்சருக்கு இன்னொரு வேலையும் உண்டு. "அருவிக்குப் போறோம், லீவு வேணும்" என்று எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எண்ணெய் தேச்சுக்கிட்டுப் போறியா, பூ வச்சுக்கிட்டுப் போறியா?"

பூ என்றால் பெண் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினால், பிடிக்காமல் போகிறபோது தெருவுக்கே தெரிந்துவிடும். அருவி என்றால் அந்தத் தொல்லை இல்லை. குளிக்க வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தென்காசியில் பிறந்த எவளும் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு குளிக்கப் போகமாட்டாள். பெண்ணைப் பெற்றவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் வருஷா வருஷம் கோட்டை விடுவார்கள்.

டீச்சரையும் இதே பேரருவிக்குப் பூ வைத்துத்தான் ஒரு காலத்தில் கூட்டி வந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல், பட்டுச் சேலையோடு போய் அருவிக்கு அடியில் நின்றுவிட்டார். பூவெல்லாம் போய், முடி அவிழ்ந்து, கண் சிவந்து வெளியே வந்தவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போனார்கள். அப்பா வெகுநாள் பேசவில்லை. அதனால் என்ன? டீச்சர் படித்தார், வேலைக்குப் போனார், கல்யாணமும் செய்துகொண்டார். தனக்குப் பிடித்த விஸ்வநாதனை.

"சொல்ல மாட்டீகளா?" செந்தில்வேல் குரல் உயர்ந்தது. "எம் புள்ளைய ஒளிச்சு வச்சுக்கிட்டு என்கிட்டயே சொல்ல மாட்டீகளா? யாரு அங்க, போலீஸு! இங்கன வாம்மா!"

வந்த பெண் காவலரைப் பார்த்ததும் டீச்சர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பேராச்சி. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு.

"டீச்சர்! நீங்க இங்கன என்ன செய்யுதீங்க?"

"இவுக எம் பொண்ணக் கடத்திட்டாக. கேஸு எழுது" என்றார் செந்தில்வேல்.

"எழுதிருவோம். பொண்ணுக்கு என்ன வயசு?"

செந்தில்வேல் தொண்டையைச் செருமினார்.

"பதினேழு" என்றார் டீச்சர்.

"சரி. இங்கன எதுக்கு வந்தீங்க?"

"குளிக்கத்தான்."

பேராச்சி, செந்தில்வேலுக்குப் பின்னால் நின்ற கும்பலை மேலும் கீழும் பார்த்தாள். திருவேங்கடத்திலிருந்து வேன் பிடித்து வந்த மாப்பிள்ளை வீட்டார். பட்டு, ஜரிகை, பவுடர். ஒருத்தர் தலைகூட நனைந்திருக்கவில்லை.

"குளிக்கவா? சலவை மடிப்புக் கலையாமக் குளிக்கிற வித்தைய எனக்கும் சொல்லித் தாங்களேன்."

சுற்றி நின்ற ஈரக்கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்லக்கண்ணு முன்னால் வந்தார்.

"வேய் செந்திலு, பதினேழா? பதினெட்டு முடிஞ்சாச்சுன்னுல்லா சொன்னீரு! எங்க பையன் இப்பதான் போலீஸ்ல செலக்சன் ஆயிருக்கான். கேஸு கீஸுன்னு வந்தா அவன் வேலைக்கு நீரா பதில் சொல்லுவீரு?"

"அண்ணாச்சி, ஆவணிக்குள்ள பதினெட்டு முடிஞ்சிரும்..."

"ஆவணியும் வேண்டாம், தாவணியும் வேண்டாம். ஏலே, வேன எடுலே!"

வாங்கிய ரம்புட்டான் பழங்களை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வேன் ஏறினார்கள். பேராச்சியை இன்னொரு விசில் அழைத்தது. "டீச்சர், ஒரு சத்தம் குடுங்க, ஓடி வாரேன்" என்று செந்தில்வேலை முறைத்துவிட்டுப் போனாள்.

செந்தில்வேலுக்கு நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றியது போல இருந்தது.

"திருப்தியா டீச்சர்? ஒம்ம வேலையப் பிடுங்காம விட மாட்டேன். கலெக்டர் வரைக்கும் போவேன்."

"போங்க. எம் பேர மட்டும் தப்பில்லாம எழுதுங்க. இதுக்கு முன்னால எழுதுன ஆளுக தப்பாத்தான் எழுதினாக."

"எங்கிட்ட வாயத் திறக்காத புள்ள, ஒம்மகிட்ட வந்து எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கா. என்ன மருந்து வச்சீரு?"

"யாரு வந்து சொன்னாங்கிறத நான் சொல்றதில்ல அண்ணாச்சி. ஆனா இன்னைக்கு அவ இங்கன நிக்கக் கூடாதுன்னு சொன்னது நான். ஏசணும்னா என்னைய ஏசுங்க."

"ஒம்மள எதுக்கு ஏசணும்? சாயங்காலம் வீட்டுக்கு வருவால்லா? பெத்த தகப்பனக் காட்டிக் குடுத்தவளுக்குப் படிப்பு எதுக்கு? இன்னையோட ஸ்கூலு முடிஞ்சுது. வாசப்படியத் தாண்டுனா காலை உடைக்கேன்!"

இதை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. சொன்னது செல்வி இல்லை. அந்தப் பிள்ளை அந்த அறைப் பக்கமே வந்ததில்லை. அதை இங்கே சொன்னால் மகள் தப்பிப்பாள். ஆனால் அடுத்த கேள்வி "அப்போ யாரு?" என்றுதான் வரும். சொல்லாவிட்டால் மகள் படிப்பு போகும். இத்தனை வருஷம் காத்த வாயை இன்று திறப்பதா?

திறக்கவில்லை. செந்தில்வேலின் வழியை மறித்து நின்றார்.

"அவ காலை உடைக்க முந்தி என் காலை உடைக்கணும். நாளைக்கும் வருவேன், மறுநாளும் வருவேன். உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன். பாடத்த அங்கனயே நடத்துவேன். தெருவே பாக்கட்டும்."

"வழிய விடும்!"

"விட மாட்டேன்."

அருவியின் இரைச்சலுக்கு மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கட்டைப்பையின் ஜிப்பு. வள்ளித்தாய் பைக்குள் கைவிட்டு, கசங்கிப்போன பிச்சிப்பூச் சரத்தை வெளியே எடுத்தாள். டீச்சர் "வேண்டாம்" என்று கண்ணால் சொன்னார். வள்ளித்தாய் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, புருஷன் முன்னால் வந்து பூவை அவர் கையில் வைத்தாள்.

"அவள ஏசாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. டீச்சர்கிட்டப் போயி அழுதது நான். இன்னைக்கு அவ தலையில இருந்த பூவப் பிடுங்கிட்டு, ஸ்கூல்ல போயி ஸ்பெஷல் டெஸ்ட் எழுதுட்டின்னு பஸ்ஸு ஏத்திவிட்டதும் நாந்தான்."