மேனேஜர் வேலாமணி

வகுப்பில் குலுக்கிப் போட்டதில் தனக்கு வந்த சீட்டை வேலாமணி பிரித்தாள். 'மேனேஜர்' என்று எழுதியிருந்தது. லீவு கேட்கும் தொழிலாளிச் சீட்டு போயும் போயும் மயில்சாமிக்கு விழுந்திருந்தது.

தொழில் தகராறுச் சட்டம் படித்தால் ஏறாது, நடித்தால்தான் ஏறும் என்பது அம்சவேணி மேடத்தின் கட்சி. அவர் கோயமுத்தூரிலிருந்து இந்த ஊட்டிக் கல்லூரிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் லீவை மறுக்க வேண்டும், சங்கம் கிளம்ப வேண்டும், பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மயில்சாமியின் அப்பா தேயிலை எஸ்டேட்டில் பெரிய கிளார்க் என்பதும், வேலாமணியின் அம்மா அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள் என்பதும், அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கான லீவு மனு நான்கு நாளாக அந்தக் கிளார்க்கின் மேசையில் கிடக்கிறது என்பதும் மேடத்துக்கு எங்கே தெரியப்போகிறது? மகனை நிற்கவைத்து அதட்டினாள் என்று அவர் காதுக்குப் போனால் மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

"ஏனுங்க, உக்காருங்க," என்றாள் மயில்சாமியிடம். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"மேனேஜர் அப்படியா பேசுவார்? மறுபடியும் சொல்லு," என்றார் மேடம்.

நாற்காலி முள்ளாய்க் குத்தியது. என்ன சொல்வதென்று தவித்தவளுக்கு, முந்தாநாள் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அம்மா பக்கத்தில் நின்று கேட்டதுதான் வாயில் வந்தது.

"ஒரு மாசம் லீவா? ஆபரேஷன் பண்ணாட்டி செத்தா போயிருவே? கொழுந்து உனக்காகக் காத்துட்டிருக்குமா? போ, சூதானமாப் பொழைச்சுக்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். மயில்சாமியின் முகம் மட்டும் செத்துப்போனது. அந்தக் கடைசி வார்த்தையை வீட்டில் அப்பா வாயால் தினமும் கேட்கிறவன் அவன்.

"தொழிலாளி, பதில் சொல்லுப்பா," என்றார் மேடம்.

"எங்கப்பா இதை யாருகிட்டச் சொன்னாரு?" என்று மெல்லக் கேட்டான்.

"எங்கம்மாகிட்ட."

சொன்னதுதான் தாமதம், வேலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் கையிலிருந்த நடிப்புக்கான லீவு மனுவைப் பிடுங்கி, 'லீவு தரப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"லீவு கொடுத்துட்டா தகராறு எங்கேயிருந்து வரும்? பாடம் எப்படி நடத்தறது?" என்று மேடம் சலித்துக்கொண்டார்.

மயில்சாமி அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "அப்பாவப் பாக்கோணுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எஸ்டேட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். சண்டை போடப் போகிறானா, கோள் சொல்லப் போகிறானா என்று தெரியாமல் வேலாமணி மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.