பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால்

பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தபோது அக்காவின் கடைப் பலகையில் எழுத்துகளே இல்லை. கறுப்புத் துண்டுகள்தான் இருந்தன. போர்டு கடையில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு வருட மதிய இடைவேளைகளில், சாப்பாட்டு டப்பாவை ஒரு பக்கம் தள்ளிவைத்து தங்கை வரைந்த ஃபாண்ட் அது. தூரிகையால் எழுதியதுபோல் தடித்து, மெலிந்து, வால்களைச் சுழற்றிக்கொண்டு போகும். ‘அழகு தையலகம்’ என்ற இரண்டே சொற்களுக்காக இன்றுதான் முதன்முதலாகத் தெருவுக்கு வந்திருந்தது. கிட்டே நின்று பார்த்தால் சொக்கவைத்தது. தெருவைத் தாண்டியதும் மயிரிழைக் கோடுகளெல்லாம் மறைந்து, தடித்த பகுதிகள் மட்டும் கை வேறு கால் வேறாகக் கிடந்தன. திரையிலும் தாளிலும் நூறு முறை பார்த்தவள், எட்ட நின்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தெருவைக் கடந்து வந்தாள். போர்டு கடை முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“அப்பவே சொன்னேன்ல? இதெல்லாம் பத்திரிகை அட்டைக்குத்தாம்மா. உரிச்சிட்டு நம்ம வழக்கமான எழுத்த ஒட்டு. நாளைக்குக் காலைல கடை திறக்கணும் அவங்க.”

வழக்கமான எழுத்து என்பது மருந்துக்கடை, டயர்கடை எல்லாவற்றிலும் பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருப்பது. இன்று அதை ஒட்டினால் இனி எந்தப் பலகைக்கும் தன் ஃபாண்டை அவர் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, அக்காவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பத்து வருடம் அடுத்தவர் கடையில் பட்டன் தைத்தவள். “என் போர்டை நீ எழுதினாத்தான்டி” என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

அக்கா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். “சட்டை இறுக்கிப் பிடிச்சா பிரிச்சுத் தைக்கிறோம். தூக்கியா போடுறோம்?”

“சார், சாயங்காலம் வரைக்கும் ஸ்டிக்கர் வெட்டுற மெஷினை எனக்கு விடுங்க,” என்றாள் தங்கை.

“அஞ்சு மணி. அதுக்கு மேல ஏணி நிக்காது.”

போர்டு கடைக் கம்ப்யூட்டரில் எழுத்தை மொத்தமாகத் தடிப்பாக்க ஒரு பொத்தான் போதும். அழுத்தினால் தடித்த கோடுகளும் ஊதி வளைவுகள் அடைத்துவிடும். அவள் அழுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து மெல்லிய கோடுகளுக்கு மட்டும் சதை போட்டாள். ழகரத்தின் வாலில் இரண்டு சுற்று இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. ஒரு சுற்றை வெட்டியபோது வலிக்கத்தான் செய்தது. “போய்த் தொலை,” என்றாள் வாய்விட்டு. அச்செடுத்து எதிர்ச்சுவரில் ஒட்டிப் பார்த்து, ஓடிவந்து திருத்தி, மறுபடி ஓடினாள். ஐந்து முறை. முதலாளி டீயை நகர்த்தி வைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது புது ஸ்டிக்கர் பலகையில் ஏறியது. அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பினாள். படிக்க முடிந்தது. அது அவளுக்குப் போதவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்; அது இல்லாவிட்டால் பக்கத்தில் வரும் பஸ்ஸின் எண்கூட அவளுக்குத் தெரியாது. ஏணி கலங்கியது, முதலாளி கலங்கினார், அக்கா வெறும் நீல நிறமானாள். எழுத்து மட்டும் கலங்காமல் நின்றது.

“தெரியுதாடி?” என்று அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

அவள் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னும் ஓரடி.