ஏணி பிடிக்கும் கூலி

ஏணியை எடுத்துவரப் போன குழந்தைவேல் வெறுங்கையோடு திரும்பியதை வீராயிதான் முதலில் பார்த்தாள். புருஷன் மாதப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் காதில் வைத்த பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். கொழுந்தன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஏணி மேல ஆள் நிக்கிதுங்க அண்ணி. வடக்கத்தி ஆளு. எஸ்டேட் ரைட்டரக் கேட்டா, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்கறாரு."

சாயங்காலம் வரைக்கும் பொறுப்பதற்கு மாதப்பன் என்ன உறங்கிக்கொண்டா இருந்தான்? முந்தாநாள் மரத்திலிருந்து விழுந்தவனை ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையில் பாதியிலேயே அவன் முடிந்துபோனான். அறுத்துத் தைத்து, காடாத் துணியில் சுற்றி, இன்று காலைதான் திருப்பிக் கொடுத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நாகலூர்ப் பக்கத்து அந்த எஸ்டேட் லைன் வீடுகளில், மிளகு பறிக்க மரம் ஏறுகிறவன் செத்தால் அவனுடைய ஏணியை வெட்டித்தான் பாடை கட்டுவார்கள். ஒற்றை மூங்கில் அது. கணுவுக்குக் கணு ஓட்டை போட்டுக் குச்சி செருகியிருக்கும். அவனவன் ஏணியை அவனவனே பார்த்து வெட்டி, அவனவன் உயரத்துக்குக் குச்சி வைப்பான். ஒருவன் ஏணியில் இன்னொருவன் கால் வைக்கமாட்டான். மாதப்பனின் அப்பனும் தன் ஏணியில்தான் சுடுகாட்டுக்குப் போனான்.

வேறு பச்சை மூங்கில் வெட்டிவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான் என்றார் இன்னொருவர். வாதம் நீண்டுகொண்டே போனது. லைனில் இப்போது மிச்சம் இருப்பதெல்லாம் வாதம் செய்கிற வயதுக்காரர்கள்தான். மற்றவர்கள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். வீராயியின் ஒரே மகள் வெண்ணிலாவும் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்துதான் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து அழுகைக்கு நடுவே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கீழ யாரும்மா புடிச்சிருந்தா?"

அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். ஒற்றை மூங்கில் ஏணி உருளும். கீழே ஓர் ஆள் அடியில் கால் விரலை அண்டக்கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். பேசக்கூடாது, கண்ணை எடுக்கக்கூடாது. இருபத்தாறு வருஷம் மாதப்பனுக்கு ஏணி பிடித்தவள் வீராயி. அது லைனில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

"விழுந்துட்டாரு சாமி," என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மரம் ஏறுகிற ஐந்து பேர் சேர்ந்து கூலி கூட்டிக் கேட்டார்கள். ஆள் இல்லாத காலம், கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தார்கள். ரைட்டர் சந்திரசேகர் சண்டையெல்லாம் போடவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய வங்காளத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட். ஐந்து பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மாதப்பன் ஒருவன்தான் அதற்கப்புறமும் மலையிலேயே கிடந்தான்.

போன மாசம் அந்த ஆட்கள் ஒட்டுமொத்தமாக ரயில் ஏறிவிட்டார்கள். அவர்கள் ஊரில் ஓட்டுப் பட்டியலைச் சரிபார்க்கிறார்களாம். நேரில் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், அப்புறம் எந்த ஊர்க்காரன் என்றே சொல்லமுடியாது என்ற பயம். இங்கே மிளகு சிவந்து உதிர்ந்தது, காப்பிப் பழம் செடியிலேயே கறுத்தது. ரைட்டர் பைக்கில் லைனுக்கு வந்தார். மாதப்பன் வீட்டில் ஒருநாளும் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அன்றைக்கு டீ வாங்கிக் குடித்தார்.

பேரம் பேசியது வீராயிதான். நாள் கூலி தொள்ளாயிரம் கொடுத்தால் அவர் ஏற வருவார் என்றாள், எழுநூறுக்கு இறங்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு. ரைட்டர் உடனே தலையாட்டினார். கேட்ட கூலியைக் கேட்டவுடன் கொடுக்கச் சம்மதித்தது அவள் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தபோதுதான் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"ஏணி புடிக்க நீ எதுக்கு வீராயி சும்மா நிக்கோணும்? பழம் பறிக்க ஆளே இல்ல. அவரு ஏறட்டும், நீ பழத்துக்குப் போ. ஊட்டுக்கு ரெண்டு கூலி ஆச்சு."

மாதப்பன் அவளைப் பார்த்தான். அவள் ரைட்டரைப் பார்த்து, மூணு நாள் வேலைதானுங்களே என்றாள். அவன் பரண்மேல் இருந்த ஏணிக் கயிற்றை எடுத்து உதறினான்.

அவள் பழம் பறித்துக்கொண்டிருந்த பாத்தியிலிருந்து அவன் ஏறிய மரம் கூப்பிடு தூரம்தான். சத்தம் கேட்டது. காய்ந்த கிளை ஒடிகிறது என்று நினைத்தாள். நின்றிருந்த செடியைப் பறித்து முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள்.

இப்போது எழுந்தாள். பிணத்தின் பக்கத்திலிருந்து பெண்டாட்டி எழுந்து போகக்கூடாது என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். "எங்கம்மா போற?" என்று வெண்ணிலா கத்தினாள். வீராயி எல்லாக் கையையும் விலக்கிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், காப்பிச் செடிகளுக்கு நடுவே மேலே நடந்தாள். அவனை அவன் ஏணியில் அனுப்புவது ஒன்றுதான் அவளால் இனி செய்யக்கூடியது. அதையும் விட்டுவிட்டால் அவளுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

மாதப்பன் விழுந்த அதே சில்வர் ஓக் மரத்தடியில் ரைட்டர் நின்றிருந்தார். பைக் ஹேண்டிலில் சாமந்தி மாலை ஒன்று தொங்கியது. அவளைக் கண்டதும் பதறிப்போனார். நீ எதுக்கு வந்த, நானே வந்துட்டுத்தான் இருக்கேன் என்றார். வங்காளத்து ஆட்களில் பாதிப் பேர் நேற்று ராத்திரிதான் திரும்பி வந்தார்களாம். பறிக்கிறவனைப் பாதியில் இறக்கினால் காண்ட்ராக்டர் முதலாளிக்கே ஃபோன் போடுவானாம். நாலு மணிக்கு ஏணியை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல நீ புடிச்சிட்டு இருந்தன்னுதான் எழுதிக் குடுத்திருக்கு. யாராச்சும் கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு. உனக்கும் அதுதான் நல்லது."

ஏணியைப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால், ஏன் பிடிக்கவில்லை என்று மகள் கேட்பாள். பிடித்தேன் என்று சொன்னால், பிடித்தும் விழவிட்டவள் ஆவாள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவன் எழுந்துவரப் போவதில்லை. எரிச்சல்கூட வரவில்லை அவளுக்கு.

"இவருக்குக் கூலி எவ்வளவுங்க?" என்று மேலே கையைக் காட்டினாள்.

"கிலோக் கணக்குதான். ஒரு நாளைக்கு நானூத்தம்பது நிக்கும்."

"கீழ புடிக்க ஆளு?"

ரைட்டர் மாலையைச் சரியாக மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஏறியிருந்தவனுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் நரைத்திருந்தது. இடுப்பில் சாக்குப்பை கட்டியிருந்தான். மாதப்பன் நெட்டை ஆள். அவன் தன் காலுக்கு வைத்த குச்சிகள் இவனுக்கு எட்டவில்லை, ஒவ்வொரு அடிக்கும் எம்பிக்கொண்டிருந்தான். யார் ஏணி, யார் விழுந்தது என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இறங்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் அவன் தூரத்துக் கொடிக்குக் கையை நீட்டினான். மூங்கில் லேசாக உருண்டது.

அவள் கை தானாகப் போனது. கால் விரலை அடியில் அண்டக்கொடுத்து, இரண்டு கையாலும் மூங்கிலை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். மேலே இருந்தவன் குனிந்து பார்த்தான், அவன் பாஷையில் என்னவோ கேட்டான்.

"புடிச்சிருக்கறனுங்க," என்றாள். "பறிங்க."

கீழே லைனில் பறை அடித்துக்கொண்டிருந்தது. செடிகளை விலக்கிக்கொண்டு வெண்ணிலா மூச்சிரைக்க வந்தாள். ஏணியைப் பிடித்து நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இங்க நீ இருந்தியாம்மா?"

வீராயி மேலேயிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாத கண்ணு. ஏணி புடிக்கறப்பப் பேசக்கூடாது."

ஒரு மிளகுச் சரம் அவள் தோளில் விழுந்து மண்ணில் உருண்டது. மேலே இருந்தவன் அடுத்த குச்சிக்கு எம்பிக் காலை வைத்தான். அவன் கனம் முழுவதும் மூங்கில் வழியாக அவள் கைக்கு வந்தது.