வாரியில் நின்ற மண்

மிட்டாதாரின் தென்னந்தோப்பு வந்ததும் வளைந்து சுற்றிப்போன குழாய்க்கோடு, பூவாத்தாளின் கிணற்றடிக்கு வந்ததும் நேராகிவிட்டது.

காவிரித் தண்ணீரை இரும்புக் குழாயில் டவுனுக்கும், அங்கே புதிதாய்க் கட்டும் மில்லின் பாய்லருக்கும் கொண்டுபோகிறார்கள். வழியில் பதினோரு ஊர். ஒன்றுக்கும் ஒரு சொட்டுக் கிடையாது. சுண்ணாம்புக் கோடு அவள் கிணற்று வாரியின் குறுக்கே விழுந்திருந்தது. எருதுகள் தண்ணீர்ச் சால் இழுத்துக்கொண்டு இறங்கும் சரிவு அது. வெட்டினால் இறைப்பு நின்றுபோகும். மிளகாய் பூவெடுத்திருந்தது. அந்த அரை ஏக்கர்தான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வருசத்துச் சோறு.

"ஏனுங்க சாமி, குழாய் வந்திருச்சுங்களா?" என்று ஓவர்சியரிடம் கேட்டாள்.

"ரயில்ல வருது. ஒரு மாசமாகும்."

"அப்ப ஒரு பத்து நாள் கழிச்சு வெட்டுங்க. பிஞ்சு தப்பிச்சுக்கும்."

"உன் மிளகாய்க்குச் சர்க்கார் காத்துக் கிடக்குமா?"

"தென்னைக்கு வளைஞ்சுதுங்களே."

ஓவர்சியர் அவளை விட்டுவிட்டு, மண்வெட்டும் கூட்டத்து மேஸ்திரி செங்கோடனிடம் திரும்பினார். "பொழுது சாயறதுக்குள்ள வெட்டு. இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு."

செங்கோடன் தலையாட்டினான்.

"நீயெல்லாம் சோறுதான் திங்கறயா?" என்றாள் பூவாத்தாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு நடந்தான்.

மண்வேலையில் ஒரு முறை உண்டு. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று காட்ட, இடையிடையே ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். இஞ்சினியர் வந்து அளக்கும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது. வழக்கமாக ஒரு முழ அகலம் இருக்கும்.

சாயங்காலம் ஓவர்சியர் வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் பள்ளம் நெஞ்சளவு இறங்கியிருந்தது. நடுவில் வாரி முழுசாக நின்றது.

"என்னடா இது?"

"அளவுத் திட்டுங்க."

"பத்தடியிலயா?"

"மணல் மண்ணுங்க. சின்னதா உட்டாச் சரிஞ்சிரும்."

"இடிச்சுத் தள்ளுடா!"

"தள்ளீரலாங்க. ஆழம் கொறையுதுன்னு இஞ்சினியர் தொரை கேட்டா நீங்க பதில் சொல்லிக்கோங்க."

மண் சுமக்கும் கந்தம்மாள் கூடையை இறக்கினாள். "வேணுமுன்னா இதும்மேல ஒரு தென்னம்புள்ளை நட்டு உடறனுங்க. கோடு தானா வளைஞ்சுக்கும்."

பள்ளத்துக்குள்ளிருந்து சிரிப்பு எழுந்தது. ஓவர்சியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இஞ்சினியர் பதினேழாம் நாள்தான் வந்தார். அதற்குள் ஐந்து இறைப்பு. செடிக்குச் செடி பிஞ்சு தொங்கியது. அவர் அளந்தார், எழுதினார், வாரியை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள்.

குழாய் புதைத்து மண்ணைத் தள்ளி மூடியபோது வாரி பொதபொதவென்று கிடந்தது. எருதின் கால் முட்டிவரை புதைந்தது. இறுக்கித் தருவதற்கு எஸ்டிமேட்டில் இடமில்லை என்றார் ஓவர்சியர்.

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் கூட்டம் மண் இறுக்கும் திமிசுக்கட்டைகளோடு வந்தது. பதினாறு பேர் வெயில் ஏறும்வரை இடித்தார்கள். பூவாத்தாள் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வழியாக வந்த ஓவர்சியர் சைக்கிளை நிறுத்தினார். "யாரைக் கேட்டுடா இடிக்கறீங்க?"

செங்கோடன் திமிசை ஓங்கிப் போட்டான்.

"கெணத்துக்காரியைக் கேட்டுத்தானுங்க. நீங்க வெட்டறப்பக் கேக்கலைங்களே."